‘சோம்பேறி’ என்பது ஒரு காரணமா?

2024 ஜூன் மாதம் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 163 நாடுகள், 507 கணக்கெடுப்புகள், 57 லட்சம் பேர். அதில் இந்தியாவைப் பற்றிய செய்தி இதுதான்: 2022 நிலவரப்படி வயதுவந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதுமான உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 2000ஆம் ஆண்டில் மொத்தமே 22 சதவீதம்தான் இருந்தது. இந்தச் செய்தி ஃபேமிலி குரூப்புக்கு வந்து சேர்வதற்குள் மொழி மாறிவிட்டது. “பாதி இந்தியர்கள் சோம்பேறிகள்.” கூடவே ஒரு சூரிய உதயப் படம், ‘தினமும் நடப்போம்’ என்று ஓர் உபதேசம்.

ஆய்வு அளந்தது நிமிடங்களை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான இயக்கமோ, 75 நிமிடம் கடுமையான இயக்கமோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். சோம்பேறித்தனத்தை யாரும் அளக்கவில்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

நான் குடியிருப்பது மூக்கண்டப்பள்ளியில். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, சிப்காட்டோடு ஒட்டிக் கிடக்கிற ஊர். பஞ்சாயத்தாக இருந்து ஓசூர் நகராட்சியில் சேர்ந்து, 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனபோது நாங்களும் மாநகரவாசிகள் ஆகிவிட்டோம். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். இங்கே விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவர்களையும், நைட் ஷிஃப்ட் முடிந்து அதே பஸ்ஸிலிருந்து கண் சிவந்து இறங்குகிறவர்களையும் காட்டி, “இவங்கள்ல யாருங்க சோம்பேறி?” என்று கேட்டுவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அதுவும் ஏமாற்று வேலைதான். அந்த எண் சரியாகவே இருக்கலாம். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களிலும் பாதிப் பேர் அந்த 150 நிமிடத்தைத் தொடாதவர்களாக இருக்கலாம்.

என் சண்டை எண்ணோடு இல்லை, எண்ணுக்குப் பிறகு வருகிற ‘ஏன்?’ என்ற கேள்வியோடு. அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் நாலைந்து சொற்கள் தயாராக இருக்கின்றன. நேரமின்மை, விழிப்புணர்வின்மை, ஊக்கமின்மை, பாதுகாப்பின்மை, வசதியின்மை. இவற்றில் ஒன்றுக்குக்கூட எல்லோரும் ஒப்புக்கொண்ட அர்த்தம் கிடையாது. அர்த்தம் காலியாகக் கிடக்கிற இடத்தில், அதிகாரம் இருப்பவர் தன் அர்த்தத்தை வைத்துவிட்டுப் போவார். எச்ஆர் வைப்பார், டாக்டர் வைப்பார், அமைச்சர் வைப்பார், வீட்டு ஆம்பளை வைப்பார். எல்லோரும் வைத்து முடித்த பிறகு பழி வந்து சேர்வது உடம்பின் சொந்தக்காரர் தலையில்.

அதனால் என் கட்சி இது: நடக்கச் சொல்வதற்கு முன்னால், நடக்காததற்கான காரணங்களின் பெயர்களுக்குப் பொதுவான வரையறை வேண்டும். கேட்க வறட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இது சோற்றுப் பிரச்சனை மாதிரி அன்றாடமானது.

மூன்று சொற்கள், ஒரு குழப்பம்

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே தகராறு. 1985இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எலும்போடு ஒட்டிய தசைகள் அசைந்து ஆற்றல் செலவானால் அது உடல் இயக்கம். அதில் திட்டமிட்டு, திரும்பத் திரும்ப, உடல் தகுதிக்காகச் செய்யும் சிறு பகுதி மட்டும் உடற்பயிற்சி. நாற்பது ஆண்டுகளாக உலகம் இந்த வரையறையில்தான் ஓடுகிறது.

தமிழில் நமக்கு மூன்று சொற்கள்: உடல் இயக்கம், உடற்பயிற்சி, உடலுழைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் மூன்றையும் கேட்கிறது. வேலையிடம் (வீட்டு வேலையும் இதில் சேரும்), போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று தனித்தனியாக. ஆகவே, “நம்ம ஜனங்க உழைப்பை வெள்ளைக்காரன் கணக்குலயே எடுக்கல” என்கிற வழக்கமான வீறாப்பு செல்லாது. எடுக்கிறான். ஆனால் கேட்கப்படுகிற ஆள் காதில் விழுவது என்ன? ‘எக்சர்சைஸ் பண்றீங்களா?’ என்றுதான் விழுகிறது. பதில்: “அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்.”

இன்னொரு சிக்கலும் அந்தத் தாளிலேயே இருந்தது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்த வேலையைத்தான் அது கேட்டது. அசெம்பிளி லைனில் மூன்று நிமிடம் ட்ரே தூக்கி, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி தூக்குகிறவரின் ஒரு நாள் முழுவதும் இந்தச் சல்லடையில் சலித்துக் கீழே போய்விடும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் இந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. ஒரு வரையறையில் ஒரு வரி மாறியது. யாருடைய உடம்பும் மாறவில்லை, ஆனால் யார் ‘இயங்குகிறவர்’ என்பது மாறிவிட்டது. வரையறை என்றால் வெறும் அகராதி வேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உட்கார்ந்தே இருப்பது’ என்றால் என்ன என்பதற்கு 2017இல் ஒரு சர்வதேச ஒப்பந்த வரையறை வந்தது: விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, மிகக் குறைந்த ஆற்றல் செலவில் இருப்பது. அதன்படி எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளி உட்கார்ந்தே இருப்பவர் இல்லை. ஆனால் வெறுமனே நிற்பது மிதமான இயக்கத்தின் அளவையும் எட்டாது. ஆக அவர் இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. சாயங்காலம் வீங்கிப் போகிற காலுக்குப் புள்ளிவிவரத்தில் இடமே கிடையாது.

சட்டத்துக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது ஓய்வெடுக்க இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. 2021இல் தமிழ்நாடு கடை ஊழியர்களுக்கும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. சட்டம் ‘நிற்பது’ ஒரு சுமை என்கிறது. ஹெல்த் ஆப் ஒரு மணிக்கு ஒரு தடவை ‘எழுந்து நில்லுங்கள்’ என்று மணி அடிக்கிறது. இரண்டும் வேறு வேறு உடம்புகளிடம் பேசுகின்றன. ஆனால் இரண்டுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: ஆரோக்கியம்.

உழைப்பும் பயிற்சியும் ஒன்றா என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் சண்டை ஓடுகிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. ஓய்வு நேரத்தில் அதிகம் இயங்கியவர்களுக்கு மரண ஆபத்து குறைந்தது, வேலையில் அதிகம் இயங்கியவர்களுக்குக் கூடியது. வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றை முழுதாகக் கழித்தால் இந்த வித்தியாசம் நிற்காது என்று எதிர்வாதம் செய்கிறவர்களும் உண்டு. முடிவு எப்படி வந்தாலும், ‘மூட்டை தூக்குறவனுக்கு எதுக்கு வாக்கிங்’ என்று இனி லேசாகச் சொல்லிவிட முடியாது. 2014இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளைப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக உடலை அசைப்பவர்கள் மொத்தத்தில் பத்து சதவீதம்கூட இல்லை. தனக்காக, தன் இஷ்டத்துக்கு அசைகிற உடம்பு நம் ஊரில் அவ்வளவு அரிது.

‘நேரமில்லை’ என்கிற ஒரே பெட்டி

இப்போது காரணங்களுக்கு வருவோம். எங்கள் தெருவில் நான்கு பேரைக் கேளுங்கள். நால்வரும் ‘நேரமில்லை’ என்பார்கள்.

முதல் ஆள் சிப்காட்டில் ஆபரேட்டர். “வாராவாரம் ஷிஃப்ட் மாறுதுங்ணா. எது பகல் எது ராத்திரின்னு உடம்புக்கே தெரியல. நீங்க காலைல அஞ்சு மணிக்கு நடன்றீங்க.” அவருக்கு மணிக்கணக்கு இருக்கிறது. அது ஒரே இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இரண்டாவது, என்னைப் போல எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறவர்கள். அத்திப்பள்ளி நெரிசலில் கரைவது எங்கள் நேரம். அதை எங்கள் கம்பெனி வேலை நேரமாகவும் எண்ணாது, ஓய்வாகவும் எண்ணாது.

மூன்றாவது, பக்கத்து வீட்டு அக்கா. “நான் வாக்கிங் போனா, ‘எங்க கெளம்பிட்ட’ன்னு கேக்க நாலு பேரு இருக்காங்க. அவரு போனா யாரும் கேக்கறதில்ல.” அவர் ‘நேரமில்லை’ என்று சொல்வது பாதி உண்மை, பாதி மரியாதை. ‘அனுமதியில்லை’ என்று படிவத்தில் யார் சொல்வார்கள்? அந்தப் பாதி உண்மைக்கும் கணக்கு உண்டு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் செய்தவர்களே 26 சதவீதம்தான்.

நான்காவது, ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத்துப் பையன். ஓவர்டைம் இல்லாத நேரம் அவனுக்கு ஓய்வு கிடையாது, நஷ்டம்.

நான்கு வாழ்க்கை. படிவத்தில் ஒரே டிக். ஆய்வறிக்கையில் ‘நேரமின்மை முக்கியக் காரணி’ என்று ஒரே வரி. அதற்கான பரிந்துரை: ‘நேர மேலாண்மை குறித்த விழிப்புணர்வு’. ஷிஃப்டை மாற்ற வேண்டியவரும், ரோட்டைச் சரிசெய்ய வேண்டியவரும், பாத்திரம் கழுவ வேண்டியவரும், கூலியை உயர்த்த வேண்டியவரும் ஒரே டிக்கில் தப்பித்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் இது பழைய நோய். இரண்டு டீம்கள் ‘ஆக்டிவ் யூசர்’ என்று ஒரே பெயரில் கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு டீமுக்கு அது லாகின் செய்தவர், இன்னொரு டீமுக்குப் பணம் கட்டியவர். இரண்டையும் ஒரே டாஷ்போர்டில் போட்டு மேலிடத்துக்குக் காட்டுவார்கள். வரைபடம் பிரமாதமாக இருக்கும், அர்த்தம் பூஜ்ஜியம். அதனால்தான் தரவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தரவு அகராதி எழுதச் சொல்லி அடிப்பார்கள். லாகினுக்கே அகராதி கேட்கிற நாம், மனிதர்கள் ஏன் நடக்கவில்லை என்பதற்கு அகராதி கேட்பதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ‘ஸ்டெப் சேலஞ்ச்’ நடத்தினார்கள். அதே மாதத்தில் ரிலீஸ். ராத்திரி பத்து மணிக்குக் கால், பதினொன்றுக்கு இன்னொரு கால். மாதக் கடைசியில் மெயில் வந்தது: பங்கேற்பு குறைவு, ஊழியர்களிடம் ஊக்கம் போதவில்லை. யாருடைய ஊக்கம், எதற்கான ஊக்கம், எத்தனை மணிக்கு? ‘ஊக்கம்’ என்று எழுதியவருக்கு இந்தக் கேள்விகள் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது.

கூட வருவதும் காரணமாவதும்

அடுத்த குழப்பம் இன்னும் நுட்பமானது. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்தே காணப்படுவது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு. பாமனும் சாலிஸும் கூட்டாளிகளும் 2002இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். 2012 ஒலிம்பிக் சமயத்தில் வந்த லான்செட் வரிசையில் பாமன் குழு அதே பிரிவினையை மறுபடி வலியுறுத்தியது.

பழைய கதை ஒன்று. 1953இல் ஜெர்ரி மோரிஸ், லண்டன் மாடிப் பேருந்துகளில் படியேறி இறங்கும் நடத்துனர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம் என்று காட்டினார். இயக்கம் இதயத்தைக் காக்கிறது என்ற நவீன எண்ணத்துக்கு அது ஒரு முக்கியத் தொடக்கம். அதோடு அவர் திருப்தி அடையவில்லை. 1956இல் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. அப்படியானால் வேலை உடம்பை மாற்றியதா, உடம்பு வேலையைத் தேர்ந்ததா? தன் புகழ்பெற்ற முடிவைத் தானே கேள்வி கேட்ட நேர்மை அது.

அதே 1956இல் கொல்கத்தா பக்கத்துச் சணல் மில் ஒன்றில் ழான் மேயர், பூர்ணிமா ராய், மித்ரா மூவரும் 213 பேரின் உணவையும் எடையையும் வேலையோடு வைத்துப் பார்த்தார்கள். கடைக்காரர், குமாஸ்தா, ஓட்டுநர், சுமை தூக்குபவர் என்று ஒரே வளாகத்துக்குள் வகைவகையாகப் பிரித்தார்கள். எழுபது வருடம் கழித்து, ‘தனியார் நிறுவன ஊழியர்’ என்று ஒரே கட்டத்தில் லைன் ஆபரேட்டரையும் என்னையும் அடைக்கிற படிவங்களை நான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்று நம் ஊருக்கு இதைப் பொருத்துங்கள். கேட் போட்ட லேஅவுட்டில் குடியிருப்பவர்கள் அதிகம் நடக்கிறார்கள் என்று வையுங்கள். பார்க் இருப்பதால் நடக்கிறார்களா? நடக்கிற பழக்கமும் வசதியும் உள்ளவர்கள் பார்க் இருக்கிற லேஅவுட்டை வாங்கினார்களா? முதலாவது என்றால் பார்க் கட்டலாம். இரண்டாவது என்றால் பார்க் கட்டினாலும் பூட்டிக் கிடக்கும். வானிலையும் அப்படித்தான். சென்னையில் ‘வெயில்’ ஒரு காரணம். குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கின ஓசூரில் அந்தச் சாக்கு கிடையாது. அப்போதும் ஜனம் நடக்கவில்லை என்றால் வெயிலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

வரையறையை மாற்றிய ஒரு திட்டம்

“இதெல்லாம் ஏசி ரூம் பேச்சு. மொதல்ல ஊரு நடக்கட்டும், வரையறை அப்புறம் பாத்துக்கலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் எந்தத் திட்டமும் வரையறை இல்லாமல் தொடங்குவதில்லை. எழுதாத வரையறையோடு தொடங்குகிறது, அவ்வளவுதான்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல காரியம், நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதன் எழுதாத வரையறை என்ன? ‘ஜனங்கள் நடக்காததற்குக் காரணம், நடக்க ஒரு பாதையும் ஒரு தூண்டுதலும் இல்லாதது.’ 8 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரமும் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண். நைட் ஷிஃப்ட் முடித்தவருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அந்தப் பாதை திறந்தேதான் இருக்கிறது. அவர்கள் வரவில்லை என்றால் நாளைக்கு என்ன எழுதுவோம்? ‘விழிப்புணர்வு போதவில்லை.’

இதற்கு நேர் எதிரான உதாரணமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதற்கு முன்னால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒழுங்காக மாத்திரை வாங்காதவரை ‘அலட்சியம்’ என்று திட்டுவோம். அந்தத் திட்டம் சொல்லாமல் சொன்னது: அலட்சியம் காரணம் இல்லை, தூரமும் ஒரு நாள் கூலியும்தான் காரணம். ஆகவே மாத்திரை வீட்டுக்கு வந்தது. காரணத்தின் பெயரை மாற்றியதும், அசைய வேண்டிய ஆள் மாறிவிட்டார். நோயாளி அசைந்தது போய், அரசு அசைந்தது. மாத்திரைக்குச் செய்ததை நடைக்குச் செய்ய என்ன தடை?

நம் அகராதி

ஐரோப்பாவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டெடிபாக் என்ற கூட்டு முயற்சியில் பல நாட்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து, உடல் இயக்கத்தைப் பாதிக்கும் காரணிகளைப் பட்டியலிட்டு, ஆறு தொகுதிகளாக அடுக்கி, 2016இல் வெளியிட்டார்கள். தனிமனித நலம், குடும்பமும் பொருளாதாரமும், கொள்கை, பண்பாடும் ஊடகமும், சமூக ஆதரவு, சுற்றுச்சூழல். அதை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அடுத்த ஆபத்து. சென்னையில் தீப்தி அத்லகா குழுவினர், தெருக்களின் நடக்கத்தக்க தன்மையை அளக்கும் அமெரிக்கக் கேள்வித்தாளை எடுத்து, இந்தியாவுக்கென்று திருத்தி, சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ‘நடைபாதை’ என்ற சொல்லையே இங்கே மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், பைக் இருக்கும், பானிபூரி வண்டி இருக்கும். ‘உண்டா?’ என்றால் உண்டு. நடக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

ஆகவே நமக்கான அகராதியை நாம்தான் எழுத வேண்டும். எழுதும் மேசையில் மருத்துவரும் புள்ளியியலாளரும் மட்டும் போதாது. தொழிற்சங்கத்துக்காரர், கிராம சுகாதாரச் செவிலியர், அந்த அக்கா, அந்த வடமாநிலத்துப் பையன் எல்லோரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஐந்து பதில்கள்: எது இதில் சேரும், எது சேராது, யாரைக் கேட்பது, எதை வைத்து அளப்பது, யாரால் மாற்ற முடியும். ஐந்தாவதுதான் முக்கியம். மாற்றக்கூடியவரின் பெயர் இல்லாத காரணி, அரட்டைக்குத்தான் உதவும்.

தொடங்கி வைக்க என் தரப்பில் நான்கு.

ஷிஃப்ட் சுழற்சி: ஒரு மாதத்தில் ஒருவரின் தூங்கும் நேரம் எத்தனை முறை இடம் மாறுகிறது என்பது. ‘நேரமில்லை’யில் இதைச் சேர்க்கக்கூடாது. அளவு, வருகைப் பதிவேடு. மாற்றக்கூடியவர், நிர்வாகம்.

நடைபாதை: கைக்குழந்தையோடு ஒருவர் சாலையில் இறங்காமல் தொடர்ந்து நூறு மீட்டர் நடக்க முடிகிற இடம். காகிதத்தில் இருப்பது சேராது. அளவு, நேரில் போய் நடந்து பார்ப்பது. மாற்றக்கூடியவர், மாநகராட்சி.

வெளியே போகும் உரிமை: யாரிடமும் காரணம் சொல்லாமல், தனியாக, அரை மணி நேரம் வெளியே போய்வர முடிவது. தெரு விளக்கும் தெருநாயும் இதில் சேராது, அவற்றுக்குத் தனிப் பெயர் வேண்டும். வீட்டு ஆணைக் கேட்டு இதை நிரப்பக்கூடாது. மாற்றக்கூடியவர், குடும்பம்.

சோம்பல்: மேலே உள்ள மூன்றும் சரியாக இருந்து, உடம்பும் நன்றாக இருந்து, அப்போதும் நடக்காமல் இருப்பது. மாற்றக்கூடியவர், சம்பந்தப்பட்டவரே. இந்தக் கட்டத்தை மற்ற மூன்றையும் நிரப்பிய பிறகுதான் நிரப்ப வேண்டும்.